நல்லவர் மட்டுமே நாவலர் ஆக முடியுமா? குவிண்டிலியனின் வரையறை குறித்து

சுவடி

கல்லூரி மாணவர்களுக்கு விவாத மேடைப் பயிற்சி கொடுத்து வருகிறேன். சென்ற மாதம் ஒரு மாணவி என்னிடம் வந்தார். சீட்டு எடுத்ததில் தமக்குக் கிடைத்த தரப்பைத் தம் மனம் சிறிதும் ஒப்பவில்லை என்றும், ஆனாலும் அதற்காகவே வாதாடி முதல் பரிசு வாங்கிவிட்டதாகவும், அந்தக் கோப்பையைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளுக்குள் உறுத்துவதாகவும் சொன்னார். ‘போட்டிதானே, விடுங்கள்’ என்று சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கிரேக்கரும் ரோமரும் இதே உறுத்தலோடு ஐந்நூறு ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள் என்பதால் அவர்களுடைய நூல்களையே மறுபடி எடுத்துப் படித்தேன்.

ஸ்பெயினில் கலகூரிஸ் என்ற ஊரில் ஏறத்தாழ கி.பி. 35இல் பிறந்த குவிண்டிலியன், ரோமில் இருபது ஆண்டுகள் நாவன்மை கற்பித்துவிட்டு, ஓய்வு பெற்றபின் ஏறத்தாழ கி.பி. 95இல் பன்னிரண்டு பகுதிகளாக ஒரு பெருநூல் எழுதினார். குழந்தைக்கு அமர்த்தும் செவிலியின் உச்சரிப்பு பிழையற்றதாக இருக்க வேண்டும் என்பதில் தொடங்கி, முதுமையில் நாவலர் எப்போது மன்றத்தை விட்டு விலக வேண்டும் என்பதுவரை அந்த நூல் போகிறது. அதன் கடைசிப் பகுதியில், தமக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமானிய அரசியலாளர் கேட்டோவின் வரையறையை அவர் எடுத்தாள்கிறார்: நாவலர் என்பவர் ‘விர் போனுஸ் டிகெண்டி பெரிடுஸ்’, அதாவது சொல்வதில் தேர்ச்சி பெற்ற நல்ல மனிதர். அதோடு அவர் நிறுத்தவில்லை. நாவலர் நல்லவராக இருப்பது விரும்பத்தக்கது என்று மட்டும் சொல்லியிருந்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். நல்லவராக இல்லாத ஒருவர் நாவலராகவே ஆக முடியாது என்று அவர் அடித்துச் சொல்கிறார்.

ஆனால் இதே குவிண்டிலியன்தான் இரண்டாம் பகுதியில், குளூவென்டியஸ் வழக்கில் நடுவர்களின் கண்முன் இருளைப் பரப்பிவிட்டதாக ரோமின் பெரும் நாவலர் சிசரோ பெருமை கொண்டார் என்ற செய்தியையும் பதிவு செய்கிறார். அவர் தம் நூல் முழுவதும் எல்லோருக்கும் மேலாக வைத்துப் போற்றுவது அந்தச் சிசரோவைத்தான். இந்த இரண்டையும் ஒரே மனிதர் எப்படி ஒருசேரச் சொன்னார் என்பதே என் கேள்வி.

யாழ்முறி

இந்த வரையறையைச் சொற்களால் ஆன ஒரு தப்பித்தலாகவே நான் பார்க்கிறேன். தீயவர் ஒருவர் தம் பேச்சால் அவையைக் கவர்ந்துவிட்டால், ‘அவர் நாவலரே இல்லை’ என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாம். நஞ்சு கொடுத்தவர் மருத்துவரே இல்லை என்று சொல்வதால் நஞ்சு உண்டவர் பிழைப்பதில்லை.

கி.மு. 427இல் சிசிலியின் லியோன்டினி நகரத் தூதராக ஏதென்ஸுக்கு வந்த நாவன்மை ஆசிரியர் கார்ஜியாஸ், தம் கலையைப் பற்றி இவ்வளவு மறைத்துப் பேசவில்லை. ஹெலனைப் புகழ்ந்து அவர் எழுதிய உரையில், மிகச் சிறிய, கண்ணுக்கே தெரியாத உடலைக் கொண்டு மிகத் தெய்வீகமான செயல்களை முடிக்கும் வல்லமை மிக்க அரசன் என்று சொல்லை வருணிக்கிறார். உடலுக்கு மருந்து எதுவோ, உள்ளத்துக்குப் பேச்சு அது என்கிறார். மருந்து குணப்படுத்தவும் செய்யும், கொல்லவும் செய்யும் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். பிளேட்டோ அவர் பெயரிலேயே எழுதிய உரையாடலில், மருத்துவரான தம் சகோதரரோடு நோயாளிகளிடம் போனதாகவும், அறுவைக்கோ மருந்துக்கோ மருத்துவர் சொல்லி இணங்காதவரைத் தாம் பேசி இணங்கவைத்ததாகவும் கார்ஜியாஸ் சொல்லிக்கொள்கிறார். அறியாதவர் கூட்டத்தில் அறிந்தவரை அறியாதவர் வெல்வது இது என்று சாக்ரடீஸ் அதைப் பிடித்துக்கொள்கிறார். நாவன்மை ஒரு கலையே இல்லை, நாக்குக்கு இதமாகச் சமைக்கும் கைப்பழக்கம் போன்றது என்பது அவர் முடிவு.

ஏதென்ஸில் நாவன்மை கற்பித்த ஐசோகிரட்டீஸ் நடுவழி ஒன்று கண்டார். கெட்ட இயல்பினரிடம் நேர்மையை ஊன்றும் கலை எதுவும் கிடையாது என்று ஒப்புக்கொண்ட அவர், பிறரை இணங்கவைக்க விரும்புகிறவர் தம் நற்பெயரைப் பேணியாக வேண்டும் என்பதால் பேச்சுப் பயிற்சியே ஒருவரை மெல்ல மெல்ல நல்வழிப்படுத்தும் என்றார். இது குவிண்டிலியனின் கூற்றைவிட அடக்கமானது, அதனாலேயே நம்பத்தக்கது. தங்கள் மாணவியின் உறுத்தல் நியாயமானது என்பது என் கருத்து. அதை வரையறை சொல்லி ஆற்றிவிடக் கூடாது.

கலங்கரை

நான் வழக்குரைஞர் என்பதால் இதை மன்றத்துக்குள் நின்று பார்க்க விரும்புகிறேன். ஏதென்ஸின் மன்றமும் ரோமின் மன்றமும் ஒன்றல்ல என்பதை மறந்துவிட்டால் இந்த வரையறை விளங்காது.

ஏதென்ஸில் வழக்காடுபவர் தாமே எழுந்து பேச வேண்டும். 501 பேர்கொண்ட நடுவர் குழுவின் முன்னால், நீர்க்கடிகாரத்தில் நீர் வடிந்து தீருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். பேசத் தெரியாதவருக்கு உரை எழுதிக் கொடுக்கவே லிசியாஸ் போன்றவர்கள் இருந்தார்கள். மனைவியோடு கள்ள உறவு வைத்திருந்த எரடோஸ்தெனிஸைக் கொன்ற ஒரு கணவருக்காக லிசியாஸ் எழுதிய உரையைப் படித்தால், சூது வாது தெரியாத, மனைவியை முழுதாக நம்பிய, எளிய மனிதர் ஒருவர் நம் எதிரில் நிற்பதுபோல் இருக்கும். அந்த எளிமை முழுவதும் லிசியாஸின் கைவேலை. பேசுபவரின் குணத்தால் விளையும் நம்பிக்கையைப் பற்றி அரிஸ்டாட்டில் சொல்லும்போது, அது பேச்சுக்குள்ளேயே உண்டாக வேண்டும், பேசுபவரைப் பற்றி மக்கள் முன்பே கொண்டிருக்கும் எண்ணத்தால் உண்டாகக் கூடாது என்கிறார். அவர் கண்முன் இருந்த மன்றத்துக்கு அது பொருந்தும். குணத்தையும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்ற நிலைமை அங்கே இருந்தது.

ரோமில் கட்சிக்காரருக்காகப் பேசுபவர் வேறொருவர். அவருடைய குடிப்பிறப்பு, வகித்த பதவி, செய்த போர், கடந்த வாழ்க்கை எல்லாம் அவரோடு சேர்ந்தே எழுந்து நிற்கும். கி.மு. 204இல் வந்த சின்சியஸ் சட்டத்தின்படி அவர் கூலி வாங்கவும் கூடாது. ‘நான் இவருக்காக நிற்கிறேன்’ என்பதே அங்கே பாதி வாதம். கேட்டோவின் வரையறை இந்த மண்ணில் முளைத்தது. நல்லவர் என்று அவர் சொன்னது துறவியை நினைத்து இல்லை; ஊரார் பிணையாக ஏற்கும் தகுதியுள்ள மனிதரை நினைத்து.

சிசரோ பரப்பிய இருளைப் பற்றியும் ஒரு சொல். கி.மு. 66இல் நடந்த அந்த வழக்கில், குளூவென்டியஸ் தம் மாற்றாந்தந்தை ஒப்பியானிகஸுக்கு நஞ்சு வைத்ததாகக் குற்றச்சாட்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒப்பியானிகஸ் தண்டிக்கப்பட்ட வழக்கில் நடுவர்களுக்குக் கையூட்டு பாய்ந்தது ஊரறிந்த செய்தி. அதைக் கொடுத்தவர் குளூவென்டியஸ்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். சிசரோ கணக்கைக் கையில் எடுத்தார்: ஒப்பியானிகஸ் இடைத்தரகரிடம் கொடுத்தது 640,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்), நடுவர் ஒருவருக்கு 40,000 என்றால் சரியாகப் பதினாறு பேர், ஆகவே நடுவர்களை வாங்கப் பணம் கொடுத்தது ஒப்பியானிகஸ்தான் என்றார். இதே சிசரோ அதற்கு முன், சிசிலியின் முன்னாள் ஆளுநர் வெரஸ் மீதான வழக்கில், அந்தத் தீர்ப்பை ஊழலுக்கு எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தியிருந்தார். அதைச் சுட்டிக்காட்டியபோது அவர் சொன்ன விடை என் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது: மன்றத்தில் நாங்கள் பேசியவற்றை எங்கள் உறுதியான கருத்துகளாக எடுத்துக்கொள்வோர் பெரிதும் தவறு செய்கிறார்கள், அவை வழக்குக்கும் வேளைக்கும் உரியவை. இதில் ஒளிவுமறைவே இல்லை. ஒரு தரப்புக்காகப் பேசுவதும் பொய் சொல்வதும் வேறு வேறு.

மருதம்

கலங்கரை அவர்கள் சொன்ன மன்ற வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் ரோமிலேயே இந்தக் கேள்வியை உடைத்துப் போடும் இரண்டு வழக்குகள் இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பேசியவர் சிசரோ.

கி.மு. 55இல் அவர் எழுதிய ‘நாவலரைப் பற்றி’ என்ற உரையாடல், கி.மு. 91 செப்டம்பரில், ரோமுக்கு அருகே டஸ்குலத்தில் உள்ள நாவலர் கிராசஸின் மாளிகையில் நடப்பதாக அமைந்தது. அங்கே கூடியவர்களில் ஒருவரான முதிய சீவோலா, பிளேட்டோவின் பைத்ரஸ் உரையாடலில் வரும் மரத்தை நினைவூட்டி, இங்கும் ஒரு சினார் மரம் இருக்கிறதே, அதனடியில் நாமும் அமரலாமே என்கிறார். கிராசஸ் அதற்குப் பிறகு சில நாள்களே உயிரோடு இருந்தார். அவரோடு உரையாடும் மற்றொரு நாவலர் அந்தோனியஸ் கி.மு. 87இல் கொல்லப்பட்டு, அவர் தலை மன்றத்துப் பேச்சுமேடையில் வைக்கப்பட்டது. இதை எழுதிய சிசரோவின் தலையும் கைகளும் கி.மு. 43இல் அதே மேடைக்கு வந்து சேர்ந்தன. அந்த நூலைப் படிக்கும்போது இந்த மூன்று மரணங்களையும் என்னால் மறக்க முடிவதில்லை.

நாவலர் என்பவர் சட்டம், வரலாறு, மெய்யியல், மனித இயல்பு அனைத்தையும் அறிந்திருக்க வேண்டும் என்பது கிராசஸின் கட்சி. மன்றத்தில் கேட்போரைத் தம் வசமாக்கத் தெரிந்தால் போதும் என்று முதல் நாளில் எதிர்வாதம் செய்கிறார் அந்தோனியஸ். அப்போதுதான் அவர் கல்பாவையும் ருட்டிலியஸையும் எடுக்கிறார்.

கல்பா லூசிட்டானியாவில் (இன்றைய போர்ச்சுகல் பகுதி) படைத்தலைவராக இருந்தபோது, சரணடைந்த மக்களுக்கு நிலம் தருவதாக வாக்களித்து, ஆயுதங்களை வாங்கிக்கொண்டு, ஆயிரக்கணக்கானோரைக் கொன்றவர். கி.மு. 149இல் அவருக்கு எதிரான தீர்மானம் மக்கள் அவைக்கு வந்தபோது, 85 வயது கேட்டோ எழுந்து அதை ஆதரித்துப் பேசினார். சொல்வதில் தேர்ந்த நல்ல மனிதர் என்று வரையறுத்த அதே கேட்டோ. கல்பா என்ன செய்தார்? இறந்துபோன உறவினர் ஒருவரின் சிறுவனைத் தம் தோளில் தூக்கிக் காட்டினார். தம் இரு பிள்ளைகளையும் மக்கள் முன் நிறுத்தி, இவர்களை ரோமானிய மக்களிடமே ஒப்படைக்கிறேன் என்று கண்ணீர் விட்டார். தீர்மானம் தோற்றது. குழந்தைகளும் கண்ணீரும் இல்லாதிருந்தால் அவர் தண்டனைக்குத் தப்பியிருக்க மாட்டார் என்று கேட்டோ தம் வரலாற்று நூலில் எழுதிவைத்தார்.

ருட்டிலியஸ் ரூஃபஸ் இதற்கு நேர்மாறானவர். ரோமின் ஆசிய மாகாணத்தில் (இன்றைய மேற்குத் துருக்கி) துணை அலுவலராகப் பணியாற்றியபோது வரி வசூல் குத்தகைக்காரர்களின் கொள்ளையைத் தடுத்தவர். அதற்குப் பழிவாங்க, மக்களிடம் பணம் பறித்தார் என்று அவர் மீதே கி.மு. 92இல் வழக்குப் போட்டார்கள். தீர்ப்புச் சொல்லும் நடுவர்களோ குத்தகைக்காரர்களின் வகுப்பைச் சேர்ந்தவர்கள். ரோமின் தலைசிறந்த இரு நாவலர்களான கிராசஸும் அந்தோனியஸும் இருந்தும், இருவரையும் அவர் அழைக்கவில்லை. தாமே எழுந்து, உள்ளதை உள்ளபடி சொன்னார். யாரும் முனகவில்லை, யாரும் அரற்றவில்லை, நடுவர்களைப் பார்த்து யாரும் கெஞ்சவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. எந்த மாகாணத்தைக் கொள்ளையடித்தார் என்று தண்டித்தார்களோ, அங்கேயே போய் அவர் குடியிருந்தார். அந்த மக்கள் அவரை வரவேற்றார்கள்.

பிளேட்டோவின் கற்பனை நாட்டில் நடப்பதுபோல வழக்கை நடத்தியதால் இப்படிப்பட்ட மனிதரை இழந்தோம் என்று அந்தோனியஸ் வருந்துகிறார். யாழ்முறி அவர்களுக்கு நான் வைக்கும் கேள்வி இதுதான். பேச்சைக் கைப்பழக்கம் என்று ஒதுக்கினால், கல்பாக்கள் அதை ஒதுக்க மாட்டார்களே?

யாழ்முறி

கேள்வி என்னைத் தைத்தது, மறுக்கவில்லை. ஞானம் இல்லாத நாவன்மை நாடுகளுக்குப் பெருந்தீங்கு செய்கிறது, நாவன்மை இல்லாத ஞானம் நாடுகளுக்குப் பெரிதாக உதவுவதில்லை என்று சிசரோ தம் இளமையில் எழுதிய நூலின் தொடக்கத்தில் சொன்னதும் இதைத்தான்.

ஆனால் குவிண்டிலியன் எந்த ஆட்சியில் இதை எழுதினார் என்பதையும் பார்க்க வேண்டும். பேரரசர் டொமிஷியன் மெய்யியலாளர்களை ரோமிலிருந்து வெளியேற்றிய காலம் அது. அந்தப் பேரரசருடைய சகோதரியின் பேரர்களுக்குக் குவிண்டிலியன் ஆசிரியராக அமர்த்தப்பட்டார். தம் நூலில் பேரரசரை வானளாவப் புகழ்ந்தும் இருக்கிறார். போரா அமைதியா என்று ஏதென்ஸின் அவையைத் திருப்பிய டெமஸ்தனிஸுக்கோ, மார்க் அந்தோணியைப் (முன்பு சொன்ன அந்தோனியஸின் பேரர்) பதினான்கு உரைகளால் தாக்கிய சிசரோவுக்கோ இருந்த களம் அவர் மாணவர்களுக்கு இல்லை. பள்ளிகளில் கொடுங்கோலனைக் கொன்றவருக்குப் பரிசு தரலாமா என்பதுபோன்ற கற்பனை வழக்குகளைப் பேசிப் பழகினார்கள். வெளியே உண்மையான பேரரசரைப் பற்றி வாய் திறக்க முடியாது. வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிய நாவலர் உரையாடலில் மடெர்னஸ் என்ற கவிஞர் இதைத் துணிந்து சொல்கிறார்: பெரும் நாவன்மை நெருப்பைப் போன்றது, எரிவதற்கு விறகு வேண்டும், கட்டுக்கடங்காத குடியரசின் கொந்தளிப்பே அந்த விறகு. எல்லாவற்றையும் ஒருவரே முடிவு செய்யும் நாட்டில் நீண்ட உரைகளுக்கு என்ன தேவை என்று அவர் கேட்கிறார். பேச்சு நாட்டை அசைத்த காலத்தில் நாவலர் நல்லவரா என்று கேட்பதற்குப் பொருள் இருந்தது. அசைக்க முடியாத காலத்தில் ‘நல்லவர்’ என்ற சொல் எளிதாகக் கிடைத்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

கலங்கரை

களம் சுருங்கியது உண்மை. ஆனால் அடிமை, கைம்பெண், சொத்து இழந்தவர் ஆகியோரின் வழக்குகள் பேரரசர் காலத்திலும் மன்றத்துக்கு வந்தவண்ணம் இருந்தன. அவர்களுக்காக நிற்பவர் நல்லவரா என்ற கேள்வி எளிதாகிவிடவில்லை.

சுவடி

அனைவருக்கும் நன்றி. பன்னிரண்டாம் பகுதியை உங்கள் பதிவுகளோடு சேர்த்து மூன்று இரவுகள் படித்தபின் எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

யாழ்முறி அவர்கள் வரையறையைத் தப்பித்தல் என்றார். டெமஸ்தனிஸும் சிசரோவும் குற்றமற்றவர்களா என்று பிறர் கேட்பார்கள் என்பதைக் குவிண்டிலியனே எதிர்பார்த்து, இருவர் மீதும் சொல்லப்பட்ட பழிகளை எடுத்துவைக்கிறார். அவர்களுக்காக வாதாடிவிட்டு, கடைசியில், மக்கள் பொதுவாகப் பேசுகிறபடி இவர்களை நாவலர் என்பேன், ஆனால் உண்மையின் அளவுகோலால் பேசச் சொன்னால் சிசரோ தேடிய அந்த நாவலரையே நானும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்கிறார். இதுவரை பிறக்காத ஒருவரைத்தான் அவர் வரையறுத்தார். அது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

பிறகு ஏன் அப்படி ஓர் அளவு வைத்தார்? விடை அந்தப் பகுதியின் தொடக்கத்திலேயே இருப்பதை நான் முன்பு கவனிக்காமல் கடந்திருக்கிறேன். சொல்லின் வலிமை தீமைக்குத் துணை போகுமானால் பொது வாழ்வுக்கும் தனி வாழ்வுக்கும் அதைவிடக் கொடியது இல்லை. இந்த ஆயுதங்களைப் போர்வீரருக்குத் தராமல் கொள்ளையருக்குத் தந்தால், நாவன்மைக்கு என்னால் இயன்ற உதவியைச் செய்ய முயன்ற நானே மனித இனத்துக்குத் தீங்கு செய்தவன் ஆவேன் என்கிறார். பேச்சையே மனிதருக்குக் கொடுத்த இயற்கைகூட, அது குற்றத்துக்குத் துணையாகவும் உண்மைக்குப் பகையாகவும் அமையுமானால், நமக்குத் தாயாக இல்லாமல் மாற்றாந்தாயாகவே இருந்திருக்கும் என்கிறார். இது பாடம் சொல்லிக் கொடுத்த ஒருவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசும் பேச்சு. இருபது ஆண்டுகளில் எத்தனை பேருக்குக் கத்தி தீட்டிக் கொடுத்தோம் என்ற அச்சம் அதில் இருக்கிறது. சிறுவர்களை அடித்துக் கற்பிப்பதை அந்தக் காலத்திலேயே வெளிப்படையாக எதிர்த்தவர் அவர். பத்தொன்பது வயது நிரம்பாத மனைவியையும், அடுத்து இரு மகன்களையும் இழந்து, யாருக்காக இந்த நூலை எழுதத் தொடங்கினேனோ அந்த மகன் இல்லை என்று ஆறாம் பகுதியின் முன்னுரையில் அழுதுவிட்டு, பிறர் பிள்ளைகளுக்காக மிச்சத்தை எழுதி முடித்தவர். டொமிஷியனைப் புகழ்ந்த வரிகளை நான் மறைக்கவில்லை. ஆனால் ‘நல்லவர்’ என்ற சொல் அவருக்கு எளிதாகக் கிடைத்தது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நல்லவர் பொய் சொல்லலாமா என்ற கேள்வியையும் அவர் தாண்டிப் போகவில்லை. கொலைகாரரைத் திசைதிருப்பச் சொல்லும் பொய் குற்றமில்லை என்கிறார். நடுவரை உண்மையிலிருந்து விலக்கி அழைத்துச் செல்லவும் சில வேளைகளில் காரணம் இருக்கலாம் என்கிறார். அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று பழைய ரோமானியத் தலைவர் ஃபாப்ரிசியஸ். தம் பகைவரும் பேராசைக்காரருமான ருஃபினஸ் திறமையான படைத்தலைவர் என்பதால், போர் நெருங்கிய வேளையில் அவரை ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சல் பதவிக்கு ஃபாப்ரிசியஸ் ஆதரித்தார். வியந்தவர்களிடம், எதிரியால் விற்கப்படுவதைவிடக் குடிமகனால் கொள்ளையடிக்கப்படுவது மேல் என்றாராம். யாருக்காகப் பேசுகிறோம் என்பதைவிட எதற்காகப் பேசுகிறோம் என்பதையே குவிண்டிலியன் இங்கு எடை போடுகிறார்.

மாணவியிடம் இந்த வாரம் பேசினேன். ஒப்பாத தரப்புக்காகப் பேசிப் பழகுவதைக் குவிண்டிலியன் தடுக்கவில்லை, எதிர்த்தரப்பு எப்படி வரும் என்று தெரியாதவர் நல்லதைக் காக்கவும் முடியாது என்பது அவர் வாதம் என்று சொன்னேன். அந்த உறுத்தலை இழந்துவிட வேண்டாம் என்றும் சொன்னேன். ‘அப்படியானால் ருட்டிலியஸ் செய்தது தவறா?’ என்று அவர் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லாததால் மறுபடி இங்கே எழுதுகிறேன்.

மருதம்

அந்தக் கேள்விக்கு விடை பன்னிரண்டில் இல்லை. பதினொன்றாம் பகுதியின் முதல் இயலில் இருக்கிறது. பயன் தருவதும் தகுதியானதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், எப்போதாவது அவை முரண்பட்டால் தகுதியே வெல்ல வேண்டும் என்று அங்கே சொல்லும் குவிண்டிலியன், சாக்ரடீஸை முன்னிறுத்துகிறார். மன்ற வழக்கப்படி பணிந்து பேசியிருந்தால் சாக்ரடீஸ் விடுதலை பெற்றிருக்கலாம், ஆனால் அது அவருக்குத் தகாது என்கிறார். அதை அடுத்து ருட்டிலியஸின் பெயரே வருகிறது. ஏறக்குறைய சாக்ரடீஸைப் போலத் தம்மைக் காத்துப் பேசிய போதும், பின்னாளில் ரோமை ஆண்ட சுல்லா திரும்ப அழைத்தும் வராமல் அயல்நாட்டிலேயே இருந்துவிட்ட போதும், தமக்கு எது தகும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்று பாராட்டுகிறார்.

இன்னொன்றையும் மாணவியிடம் சொல்லுங்கள். இளம் சிசரோ கி.மு. 79–77இல் கிழக்கே பயணம் போனபோது ஆசிய மாகாணத்தின் ஸ்மிர்னா நகரில் இந்த ருட்டிலியஸைச் சந்தித்தார். அங்கே ருட்டிலியஸ் அவருக்குச் சொன்ன கதை கல்பாவைப் பற்றியது. இத்தாலியின் சிலா காட்டில் நடந்த ஒரு கொலை வழக்கில், லேலியஸ் என்ற நாவலர் இருமுறை தெளிவாகவும் அழகாகவும் வாதாடியும் தீர்ப்பு தள்ளிப்போனது. இதற்குக் கனல் வேண்டும், கல்பாவிடம் போங்கள் என்று லேலியஸே கட்சிக்காரர்களை அனுப்பினார். ஆயத்தம் செய்யக் கல்பாவுக்குக் கிடைத்தது ஒரே நாள். மறுநாள் காலை அவரை அழைத்துவரப் போனவர் அப்போது இளைஞராக இருந்த ருட்டிலியஸ். மூடிய அறைக்குள் எழுத்தர்களிடம் ஒருவருக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்த கல்பா, வழக்கைப் பேசி முடித்தவர்போல முகமும் கண்ணும் சிவக்க வெளியே வந்தாராம். அவர் பின்னால் அந்த எழுத்தர்கள் அடிபட்டவர்களாக வந்தார்களாம். கட்சிக்காரர்கள் அன்றே விடுதலை பெற்றார்கள்.

அந்த அறையின் வாசலில் நின்று பார்த்தவர்தான், தம் முறை வந்தபோது, அப்படி ஒருவரை அழைக்காமல் தாமே எழுந்து பேசினார்.